ஓனோரினிடம் நாக்கு கேட்டவர்கள்

ஓனோரின் அக்காவுக்கு ஐந்து மொழி தெரியும். எதையும் படித்துக் கற்றதில்லை. பிறந்தது பேத்தேக் குடியில். கட்டிக்கொண்டது புர்க்கினாவிலிருந்து கோக்கோத் தோட்ட வேலைக்கு வந்த மோசிக்காரரை. பக்கத்து வீட்டில் நாங்கள், பவுலே. பேருந்து நிலையம் முழுக்க வடக்கிலிருந்து வந்த ஜூலாக்காரர்கள். பிரெஞ்சு எல்லோருக்கும் பொது. அவள் ஞாயிறு தோறும் மாதா கோயிலுக்குப் போவாள். கணவர் உயிரோடு இருந்தவரை வியாழக்கிழமையே அவருடைய தொழுகை அங்கியைத் துவைத்துப் போட்டுவிடுவாள். ஐவரி கோஸ்ட்டின் மேற்கே, எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை.

நிலையத்து வாசலில் மரவள்ளிப் புட்டு மாதிரியான அச்சேக்கேயும் பொரித்த மீனும் விற்றாள். பக்கத்தில் என் தையல் மெஷின்.

ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வடக்கத்தியார், எங்கள் மேற்குப் பக்கத்தார் இரண்டு பேரும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்ட வருடம், எங்கள் ஊர்ப் பேத்தேப் பையன் கிப்ரேயும் அவன் கூட்டாளிகளும் மரத்தை வெட்டி நிலையத்துக்கு எதிரே சாலையில் போட்டார்கள். வடக்கத்தியான், துலுக்கன், அந்நியன் எல்லோரையும் பிடிப்பார்களாம். அடையாள அட்டையை நம்பமாட்டார்களாம்.

கிப்ரே கடைக்கு வந்தான். தினமும் அவள் கையால் தின்றவன்.

"அத்தே, நீ நம்ம ரத்தம். வந்து நில்லு. எவன் வாயத் தொறந்தாலும் எந்த ஊரான்னு உனக்குத் தெரிஞ்சிடும்."

"நான் மீன் விக்கிறவடா. ஆள் விக்கிறவ இல்ல."

"மோசிக்காரன் பொண்டாட்டிதானே நீ? வரமாட்டேன்னா உன்னப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்."

போனாள். வண்டியிலிருந்து இறங்கியவர்களை எல்லாம் "நம்ம ஆளு, விடு" என்றாள். ஜூலா வாடை வீசும் பேச்சைக் கேட்டும், "அவன் அம்மா பேத்தேடா" என்று துணிந்து புளுகினாள். வேதபாடம் நடத்தும் உபதேசியார் காரில் வந்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கோலாக்கொட்டை மூட்டையோடு ஒரு கிழவர் இறங்கினார். அக்கா அவரையும் "நம்ம ஆளு" என்றாள். அவளுடைய தந்திரம் அவருக்கு விளங்கவில்லை.

"இல்லம்மா, நான் ஃபோஃபானா. ஒதியென்னே ஊரு" என்றார், மரியாதையாக. பெயரும் ஊரும் அசல் வடக்கு.

அவரைக் கோக்கோத் தோப்புக்குள் இழுத்துப் போனார்கள். அக்கா கிப்ரேயின் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள், தள்ளிவிட்டான். பையன்கள் மட்டும் திரும்பினார்கள், கிழவரின் கோலாக்கொட்டையை மென்றுகொண்டு. சிவந்த எச்சிலைத் துப்பியபடி ஒருவன் கேட்டான்: "அத்தே, மீன் இருக்கா?"

அக்கா நேரே கடைக்கு நடந்தாள். அன்று விற்க இருந்த மீனையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள்.

மழைக்காலம் தொடங்கும்போது வடக்கத்தியப் படை ஊருக்குள் வந்தது. அவர்களும் அதே இடத்தில் சாலையை மறித்தார்கள். இப்போது தேடியது பேத்தேக்களை. தாயத்துக் கட்டிய ஒருவன் அவளைக் கூப்பிட்டான்.

"அம்மா, நம்ம ஆளோட வாழ்ந்தவ நீ. இதுல பேத்தே யாருன்னு காட்டு."

வரிசையில் கிப்ரே நின்றான், கால்சட்டை நனைந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"அவனா? என் புருஷனோட அண்ணன் மகன். அரைகுறை ஊமை, விட்டுருங்க" என்றாள் ஜூலாவில்.

விட்டார்கள்.

"அந்த நாயை ஏன்க்கா காப்பாத்துன?" என்று கேட்டேன்.

"என் வாயால ஒருத்தன் சாகக் கூடாது, அவ்வளவுதான். அவன் மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது. இவனுங்களப் பாத்தாலும் அப்படித்தான். ரெண்டு பேரும் என் நாக்கத்தானே கேட்டானுங்க?"

நாடு அடங்கியது. நகரசபைத் திடலில் சமாதானக் கூட்டம். புதுச் சட்டை போட்டு ஒலிபெருக்கி பிடித்தவன் கிப்ரே. இளைஞர் சமாதானக் குழுத் தலைவனாம். "நம் நாட்டில் அறுபது மொழி, ஆனால் இதயம் ஒன்று!" என்றான். மேடையில் உபதேசியாரும் இமாமும் அந்தத் தாயத்துக்காரனும் கைதட்டினார்கள். "இதோ, நம் ஓனோரின் அத்தை! மேடைக்கு வாங்க!"

அவள் எழுந்தாள். மண்ணில் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இன்றும் கிப்ரே கடைக்கு வருகிறான். சட்டி நிறைய மீன் கிடக்கும்போதே, "தீந்துபோச்சு" என்பாள் அக்கா.