மூன்று பேட்டரிகளோடு அடுகோடி வரை

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை பெங்களூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க இல்லை. பூங்கா, தோசைக்கடை, ஷாப்பிங் எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. அதைத் தேடி வந்தவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பழைய டிரோனின் பேட்டரி உப்பிப்போய், கூரியர்காரர்கள் தொட மறுத்து, யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தத் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குக் குமரேசனைத் தெரியும். இங்கே வந்த வான்படங்கள் அத்தனையும் அவன் எடுத்தவை. நான் எழுதுவேன், அவன் பறக்கவிடுவான், ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது. கார்த்திகையில் கிருஷ்ணகிரி அணைக்குப் போய் வந்தோம். ஒன்பதாம் நாள் காலை குளிக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. எட்டு மாதமாக இங்கே ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அணையில் எடுத்த அந்தக் கடைசிப் படம் மெமரி கார்டில் இல்லை. கார்டு நிரம்பிவிட்டதால் டிரோனுக்குள்ளேயே இருக்கும் மெமரியில் பதிய வைத்தான். அதை வெளியே எடுக்க டிரோன் ஆன் ஆக வேண்டும், ஆன் ஆக பேட்டரி வேண்டும். அந்த மாடலை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. தேடாத கடையில்லை, புது பேட்டரி எங்கேயும் கிடைக்கவில்லை. இருப்பது அவன் வைத்திருந்த மூன்றுதான். அதில் மூன்றாம் நம்பர் அவன் இருக்கும்போதே வேலை செய்யாமல் போய், மார்க்கர் பேனாவால் "அவுட்" என்று எழுதிப் பைக்குள் போட்டு வைத்திருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி மலர் டிரோன் பையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதை ரொம்பப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை. மாதம் தவறாமல் அமாவாசையன்று ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் சார்ஜில் போட்டு, நூறு சதவீதம் ஏற்றி, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வைத்தேன். மூன்றாம் நம்பரையும் போட்டுப் பார்ப்பேன், அது லைட்டே காட்டாது. டிரோனை ஒரு தடவைகூட ஆன் செய்யவில்லை. ஆன் செய்தால் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பேர் இல்லை.

ஆடியில் மலரே கேட்டுவிட்டாள். "அண்ணா, அந்தக் கடைசி வீடியோல அவர் முகம் இருக்குமா? இருந்தா எனக்கு வேணும்." இருக்கும் என்று எனக்குத் தெரியும். குமரேசன் டிரோனைத் தரையில் இறக்க மாட்டான்; உள்ளங்கையை நீட்டி அந்தரத்தில் பிடிப்பான். அதனால் அவன் எடுத்த ஒவ்வொரு படமும் அவன் முகத்தில்தான் முடியும். வீட்டுக்கு ஓடி வந்து பையைத் திறந்தேன். ஒன்றாம் நம்பர் பூரிபோல உப்பி, டிரோனுக்குள்ளேயே நுழையவில்லை. இரண்டாம் நம்பர் நுழைந்தது, நான்கு வினாடி விளக்கு எரிந்தது, அணைந்தது. அப்புறம் எத்தனை தடவை அமுக்கியும் எழவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் அடுகோடியில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் பேட்டரி பார்ப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். போன் போட்டால் இரண்டே வாக்கியம்தான் வந்தது. "கொண்டு வாங்க, பாக்கறேன். கேரண்டி எல்லாம் கேக்காதீங்க."

காலை 6.20க்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். மடிவாளா வரை 85 கிலோமீட்டர், டிக்கெட் 115 ரூபாய். பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, ஒரு எவர்சில்வர் தூக்கில் மணல் நிரப்பி அதற்குள் புதைத்து மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் தூக்கைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மணல் கடத்துறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா?" என்றார். பேட்டரி என்றேன். "வெடிக்குமா?" என்றார். வெடிக்காது என்றேன். அது பொய். உப்பிய பேட்டரி எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, அறுபது பேர் இருக்கிற பஸ்ஸில் அதைக் கொண்டுபோனது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

அத்திப்பள்ளி தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். மடிவாளாவில் இறங்கும்போது மணி 9.15. அங்கிருந்து அடுகோடிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோக்காரர் 90 ரூபாய் கேட்டார், பேரம் பேசத் தெம்பில்லை. டிரைவர் முதலில் கன்னடத்தில் பேசினார், என் மூஞ்சியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "அந்த ரோட்ல எல்லாம் லேத்து, வெல்டிங் அங்கடிங்கதான சார். நீங்க சாப்பாட்டுத் தூக்கு எடுத்துட்டுப் போறீங்க. யாராவது அங்க வேலை செய்யறாங்களா?" ஆமாம், நண்பன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஸ்டெல்லாவின் கடை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வீடு பிரேசர் டவுன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் சர்க்யூட் போர்டுகளில் சால்டரிங் வேலை பார்த்துவிட்டு இங்கே தனியாகக் கடை போட்டிருக்கிறார். நான் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "சும்னே இருங்க சார் ரெண்டு நிமிஷம். மொதல்ல இத வெளிய வெக்கணும்." ஒன்றாம் நம்பரை மணலோடு தூக்கிப்போய் மாடி வராந்தாவில் ஒரு மண்தொட்டிக்குள் வைத்தார்.

அதன் முனைகளில் இரண்டு ஒயரை மாட்டி, ஒயரின் மறுமுனையில் பைக் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. "ஃபுல் சார்ஜ்ல வெச்சிருக்கீங்க. எத்தன மாசம்?" என்றார். எட்டு மாதம், பரணில் என்றேன். "மேல ஷீட்டா, தளமா? வெயில் எறங்குமா?" இறங்கும் என்றேன். "ஃபுல்லா ஏத்தி, சூட்டுல போட்டு வெச்சா உள்ள கேஸ் கட்டிக்கும் சார். இது முடிஞ்சிடுச்சு. இருக்கற கரண்ட்ட மெதுவா எறக்கிட்டு குப்பைக்கு அனுப்பணும், அவ்ளோதான்." தூறலில் அந்த பல்பு பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. எட்டு அமாவாசை நான் ஏற்றிய சார்ஜ். ஒரு மணி நேரம் கழித்து மஞ்சளாகி, பிறகு சிவந்து, அணைந்தது.

இரண்டாம் நம்பரைத் திறந்து மீட்டர் வைத்தார். உள்ளே மூன்று செல்கள். இரண்டு செல் 4.1 வோல்ட் காட்டின, நடுவில் இருந்தது 0.9. "ஒண்ணு செத்தா மீதி ரெண்டும் வேலை செய்யாது. வலுக்கட்டாயமா இதுக்குக் கரண்ட் குடுத்தா நெருப்புப் புடிக்கும். நான் செய்ய மாட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பவாவது பறக்கவுட்டு, சூட்டோட சார்ஜ் போட்டீங்களா?" இல்லவே இல்லை என்றேன். அந்த நிமிடம் நிஜமாகவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

மலருக்கு என்ன சொல்வது? எடுத்துவந்த மூன்றில் இரண்டு போய்விட்டது, மூன்றாவது குமரேசனே கைகழுவியது. ஸ்டெல்லா அதையும் எடுத்து, வட்ட விளக்குப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பிறகு, "இது என்ன சார், பசையா? மஞ்சளா இருக்குது. பின்னுங்க போற ஸ்லாட்டு பூரா அடைச்சிருக்குது" என்றார்.

குனிந்து பார்த்தேன். சந்தனம்.

எல்லாம் ஞாபகம் வந்தது. போன ஆயுத பூஜை, குமரேசன் வீடு. கேமரா, லேப்டாப், டிரோன், பேட்டரி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தான். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, "பேட்டரிக்கு எதுடா மூஞ்சி?" என்று கேட்டான். நான் தெரியாது என்றேன். தங்கக் கம்பிகள் வரிசையாகத் தெரியும் முனையைக் காட்டி, "பல்லு இருக்கு பாரு, அப்ப இதுதான் மூஞ்சி" என்று அப்பிவிட்டான். அது கரண்ட் போகிற இடம்டா என்று நான் கத்திய பிறகுதான் மற்ற இரண்டுக்கும் முதுகில் வைத்தான். மூன்றாம் நம்பரை வேட்டியால் துடைத்தான். மறுநாளிலிருந்து அது வேலை செய்யவில்லை. "சாமி எடுத்துக்கிச்சு" என்று சிரித்தானே தவிர, அவனுக்கும் எனக்கும் அந்தச் சந்தனம் நினைவுக்கே வரவில்லை.

சொல்லி முடித்ததும் ஸ்டெல்லா முதல் தடவையாகச் சிரித்தார். "ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு வருஷா வருஷம் இப்படி ரெண்டு மூணு வரும் சார். லேப்டாப்ல குங்குமம், சார்ஜர்ல விபூதி." பிறகு ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்தவர், துடைக்கப் போய் நின்றார். ஸ்லாட்டின் ஓரத்தில் அரைப் பொட்டு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ரேகை தெரிந்தது. குமரேசனின் மோதிர விரல் ரேகை.

"போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் துடைக்கறேன்."

எடுத்தேன். படம் கலங்கிப்போய்விட்டது. அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அவர் துடைத்துவிட்டார். பஞ்சு மஞ்சளானது, பின்கள் பளபளத்தன.

மூன்று செல்லும் ஒரே அளவில் 3.0 வோல்ட் காட்டின. பாதி சார்ஜில் பூஜைக்கு வைத்தது, பத்து மாதத்தில் தானாக இறங்கி, தன்னைத்தானே பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. "இது சாகல சார், தூங்கிட்டு இருந்துது" என்றார் ஸ்டெல்லா. அமாவாசைதோறும் நான் சார்ஜில் போட்டேனே, அந்தச் சார்ஜ் இதற்குள் ஏறவே இல்லை. என் கவனிப்பு எட்டாததால் பிழைத்தது இது ஒன்றுதான். இதை ஸ்டெல்லாவிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெதுவான சார்ஜரில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்றினார். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு ஒரு லைட் மினுக்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை வைத்துச் சூடு பார்த்தார். நாற்பது சதவீதத்தில் நிறுத்தி டிரோனில் மாட்டினார். எழுந்துகொண்டது. கேபிள் போட்டு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டோம். ஒரே ஒரு பைல், நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அங்கேயே பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். கூலி 600 ரூபாய். கெட்ட இரண்டையும் மின்குப்பை எடுக்கிறவர்களிடம் தானே சேர்ப்பதாகச் சொன்னார், அதற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. மதியம் 1.40க்குக் கிளம்பி, மழையில் ஊர்ந்து, 5.30க்குக் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தேன்.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். உப்பிய பேட்டரியைப் பஸ்ஸில் கொண்டுபோகாமல் உங்கள் ஊரிலேயே மின்குப்பை வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள், அதைக் குத்துவதோ அமுக்குவதோ வேண்டவே வேண்டாம். பறக்கவிடாத நாட்களில் பாதி சார்ஜ் போதும், ஐம்பது அறுபது சதவீதம். பரண், கார், வெயில் விழும் ஜன்னல் ஓரம் மூன்றும் ஆகாது. வேலை செய்யாத பேட்டரியைத் தூக்கிப் போடுமுன் அதன் பின்களை ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். ஆயுத பூஜைக்கு முதுகில் பொட்டு வையுங்கள், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. பறந்து இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். இது ஸ்டெல்லாவிடம் கற்றதில்லை.

பஸ் இறங்கி நேராக மலர் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் போட்டேன். நான்கு நிமிடம் வெறும் தண்ணீர், மதகுகள், சாம்பல் நிற வானம். மலர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு டிரோன் கீழே வந்தது. கரை, கார், நான், நீட்டிய ஒரு கை, அதற்கு மேல் குமரேசன் முகம். நேராக எங்களைப் பார்த்தான். தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஏதோ சொன்னான். படம் முடிந்தது.

டிரோன் படத்தில் சத்தம் பதியாது. மலருக்கு அது தெரியாது. "என்ன சொல்றார் அண்ணா?" என்றாள்.

உதட்டைப் பார்த்ததுமே எனக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. அவன் பேசியது என்னிடம். பேட்டரியைக் கழற்ற நான் கையை நீட்டியிருந்தேன். அவளிடம் வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம், அவள் பெயரைச் சொன்னதாகக்கூடச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பேட்டரிம்மா. 'சூடா இருக்குடா, ஆறட்டும்'ங்கறான்."

அவன் அப்படிச் சொல்லியும் நான் ஆறவிடவில்லை. காரில் ஏறியதும், அப்போது பறந்து இறங்கிய இரண்டாம் நம்பரைச் சூட்டோடு சார்ஜரில் செருகினேன். அதை மலரிடம் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

"ஆறட்டும்னா சொன்னார்?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி போடச் சொன்னாள், மறுபடியும் போடச் சொன்னாள். நான்காவது தடவை அந்த இடம் வந்தபோது, அவன் உதட்டோடு சேர்ந்து அவள் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது.