புகை என்று எழுதியவர்

விமானிகளுக்கு வானிலை சொல்லும் டில்லி அலுவலகம் ஒன்றில் நான் அதிகாரி. அவர் எனக்குக் கீழே, வானத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் அப்சர்வர். ஒல்லியான உடம்பில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். அறிக்கை எழுதுமுன் மொட்டைமாடிக்குப் போய், கண்ணை மூடிக் காற்றை மோந்து பார்ப்பார்.

எங்கள் குறியீடுகளில் சில பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஈரமான மூட்டம் பிரெஞ்சில் ‘ப்ரூம்’, அதனால் பி.ஆர். புகை ‘ஃப்யூமே’, அதனால் எஃப்.யூ. ஒரு நவம்பர் காலையில் அவர் எஃப்.யூ. என்று எழுதியிருந்தார்.

“புகைன்னா டில்லிக் காத்து கெட்டுப்போச்சுன்னு ஆயிடும், மேலிடத்துக்குப் பிடிக்காது. பி.ஆர்.னு மாத்துங்க.”

“காத்துல ஈரமே இல்ல சார். கண்ணு எரியுது. பைலட்டுகிட்ட பொய் சொல்லச் சொல்லுதீயளா?”

“ரெண்டு எழுத்துதானே, ஜல்தி!”

“அப்ப நீங்களே எழுதுங்க” என்று பேனாவை என் மேசையில் எறிந்தார்.

நானே மாற்றி எழுதினேன். திமிர் பிடித்தவர் என்று குறிப்பு வைத்து, அவரை இடமாற்றமும் செய்தேன்.

உண்மையில் மேலிடத்திலிருந்து யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்காமலே பயந்த என்மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. என்னைப் போலவே அவருக்கும் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் இருந்தது, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவருக்கு மட்டும் ஏன் பயம் வரவில்லை?