கயிற்றுக்கு அடியில் கந்தல்

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குக் கந்தல் என்றுதான் பெயர். பெற்றவள் வைத்தது எபெத்மெலேக். யார் வாயில் நுழையும் அது? எபிரேயப் பெயர், ராஜாவின் வேலைக்காரன் என்று பொருள். "போயும் போயும் வேலைக்காரன்னா பேர் வைப்பாங்க?" என்று சின்ன வயதில் அம்மாவிடம் சண்டை பிடித்திருக்கிறார்.

அம்மா லேசுப்பட்டவளா? "போடா! எரேமியா தீர்க்கதரிசியைச் சேத்துக்குழியில இறக்கிச் சாகவிட்டாங்க. ராஜாகிட்ட போய் நியாயம் கேட்டது எபெத்மெலேக்குங்கிற இந்த எத்தியோப்பியன் ஒருத்தன்தான். கயிறு மட்டுமா கொண்டுபோனான்? அக்குள்ல வெச்சுக்கோன்னு பழந்துணியும் இறக்கினான். வலிக்குமேன்னு நினைச்சான் பாரு, அவன்டா மனுஷன்!"

அது மனதில் ஒட்டிக்கொண்டது. வேலையில் சேர்ந்த நாள் முதல் வண்டியின் பின்பக்கம் அவருடைய பழந்துணி மூட்டை ஒன்று இருக்கும். புதிதாக வந்த அதிகாரிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"இது வண்டியா, சலவைக்கடையா? நாளைக்கு இந்த மூட்டை இங்க இருக்கக் கூடாது."

அன்று மத்தியானமே அழைப்பு வந்தது. கிணற்றைத் தூர்வார இறங்கிய தொழிலாளி இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டார். இடுப்புப் பட்டை மாட்ட வழியில்லை. கயிற்று வளையம்தான் கதி. கந்தல் மூட்டையை எடுத்தார்.

"துணி துவைக்கவா வந்தோம்? கயித்தை விடுய்யா!" என்று கத்தினார் அதிகாரி.

விட்டார்கள், இழுத்தார்கள். கயிறு அக்குளை அறுக்க, அந்த மனிதர் வலி பொறுக்காமல் அலறிக் கைகளைத் தூக்கினார். வளையம் தலைவழியே கழன்று வந்துவிட்டது. ஆள் பொத்தென்று மார்புவரை இறங்கிவிட்டார். இன்னொரு முறை கழன்றால் அவ்வளவுதான்.

கந்தல் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, துணியை மடிச்சு ரெண்டு அக்குள்லயும் வைங்க. அதுக்கு மேல கயிறு. வலிக்கும், ஆனா அறுக்காது. கையை மட்டும் தூக்கிடாதீங்க."

"என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கய்யா!"

"எங்க போவேன்? என் வேலையே இதுதானே!"

அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். கைகள் மேலே போகவே இல்லை. கரையில் வந்து விழுந்த மனிதர், "செருப்பு ஒண்ணு உள்ளயே போச்சே" என்று ஓவென்று அழுதார். அடேயப்பா, ஒரு மனிதன் அழுவதைக் கேட்க இத்தனை ஆனந்தமா!

மறுநாள் காலை வண்டியில் மூட்டை இல்லை. கந்தல் தேடிக்கொண்டு நிலையத்தின் பின்கட்டுக்குப் போனார்.

சேறு போகத் துவைத்த கந்தல்களை அதிகாரி கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் அதிகாரியின் பழைய சீருடைச் சட்டையும் தொங்கியது.

"பொத்தானெல்லாம் வெட்டிட்டேன்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்குக் குத்தும்ல."