மாடியில் காத்திருந்த ஐந்து பேர்

டயர்க் கடை மாடிக்குப் பதினெட்டுப் படிகள். ஏழாவது படியிலேயே ஹாரன் அக்கா நின்றுவிட்டாள்.

அவள் டாக்சி ஓட்டுபவள். காலித் தெருவில் திரும்பினாலும் ஹாரன் அடிப்பாள் என்று சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவனுக்கும் அவளுக்கும் அந்தக் கார்தான் சோறு போடுகிறது. முன்பு ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் ஓட்டினாள். ஒரு நாள் காலை, 'உங்கள் கணக்கு மூடப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன தப்பு, யாரைக் கேட்பது? காலில் விழுந்து அழக்கூட ஒரு ஆள் இல்லை.

அப்படித் துரத்தப்பட்ட எண்பது பேர் சேர்ந்துதான் சொந்தமாக ஓர் ஆப் செய்தார்கள். அதற்கு முதலாளி கிடையாது. சட்டம் போடுவதும் ஓட்டுநர்களே, மீறியவரை விசாரிப்பதும் ஓட்டுநர்களே. சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பேர் இந்த மாடியில் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள்.

இன்று விசாரணை அவளுக்கு. ஆப்பிலிருந்து நீக்கிவிட்டால்? இன்னொரு முறை தெருவில் நிற்க அவளிடம் தெம்பில்லை.

பத்து மணி நேரம் ஓட்டியதும் ஆப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவளே அவள்தான். போன வாரம், பத்து மணி நேரம் முடிந்த பின், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்த, வழக்கமாக அவள் காரில் போகும் டீச்சரம்மா, "நீ வந்தாத்தான்மா எனக்குத் தைரியம்" என்று போன் செய்தார். தன் ஆப் பூட்டிக்கொண்டதால், அதே ஆப்பில் ஓட்டும் கொழுந்தனின் எண்ணை அவனிடமே கேட்டு வாங்கிப் போட்டுக் கிளம்பிவிட்டாள். டீச்சரம்மாவை ஏற்றி வரும் வழியில் கார் ஒரு மதிலில் உரசி நின்றது. காயம் யாருக்கும் இல்லை.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு" என்று கணவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஐவரின் நடுவே மீசைக்காரர். சவாரிக்காக அவளோடு நூறு முறை சண்டை போட்டவர்.

"எப்படி இடிச்சீங்க?"

"நாய் வந்துச்சுண்ணா..."

"என்ன கலரு?"

"கறுப்பு... இல்ல, வெள்ளை..."

"கொஞ்ச நேரம் போனா வரிக்குதிரையே வந்துடும் போல" என்றார் ஓரத்திலிருந்தவர். யாரும் சிரிக்கவில்லை.

அவள் நிமிர்ந்து மீசைக்காரரைப் பார்த்தாள். "நாயே இல்லண்ணா. கண்ணு சொருகிடுச்சு. சுவத்துல இடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன்."

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. கதவு திறந்ததும் உள்ளே போனாள்.

"உங்களுக்கும் உங்க கொழுந்தனுக்கும் பதினஞ்சு நாள் வண்டி கிடையாது" என்றார் மீசைக்காரர். "டீச்சரம்மாவ அதுவரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்னைத் தூக்கலையாண்ணா?"

"பொய்யிலேயே நின்னிருந்தா தூக்கியிருப்போம்."

உயிர் திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அத்தனை நாளும் வேலை போய்விடும் என்றே நடுங்கியவளுக்கு, பின்சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருந்த டீச்சரம்மாவின் முகம் இப்போதுதான் தெரிந்தது. மதிலுக்குப் பதில் லாரி இருந்திருந்தால்?

கார்ச் சாவியை அவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணா, என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுடுங்க. எனக்கு ஓட்டப் பயமா இருக்கு."