பொறுப்பது என்ற சொல்

மூன்று வருடம் என் அப்பா பரலோக மந்திரத்தில் ஒரு வரியைச் சொல்லவே இல்லை. நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பதாக வருமே, அந்த வரி. அது வந்ததும் வாயை இறுக மூடிக்கொள்வார். கோயில் முழுக்கச் சொல்லி முடித்தபின் அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்வார்.

நானோ அந்த வரியைத்தான் தொண்டை கிழியச் சொல்வேன். எங்கள் ஊர் மார்டள்ளியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்து நிலம் பங்கு பிரிந்ததும் நாங்கள் மைசூருக்கு வந்து தேவராஜ மொஹல்லாவில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம், அதுவும் ஏழாவது வரை. தமிழ் எனக்கு வீட்டுச் சண்டையிலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் காது வழியாக வந்ததுதான். எங்கள் வீட்டில் பொறு என்றால் காத்திரு. சோறு கேட்டால் பொறு என்பார்கள். சித்தப்பாவின் பேச்சு வந்தால் அப்பா, "பொறு பொறு, எங்கிட்ட மாட்டாமயா போயிருவான்" என்பார். ஆகவே, தீமை செய்தவர்களுக்காக நாங்கள் காத்திருக்கிறோம், எலிக்குப் பூனை காத்திருப்பதுபோல என்றே அந்த வரியைப் புரிந்துவைத்திருந்தேன். இவ்வளவு நல்ல வரியை அப்பா ஏன் விடுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

தீமை செய்தவர் சித்தப்பா. அவரும் மைசூரில்தான் லக்கேஜ் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இடுப்புவலி கண்ட காலையில் அப்பா அவர் வாசலில் போய் நின்றார். நிலத்துச் சண்டையின் வீம்பு இன்னும் ஆறாத சித்தப்பா, பேட்டரி இறங்கிவிட்டது என்றார். வேறு வண்டி தேடிப் பிடித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகையில், அதே ஆட்டோ வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி வயிற்றிலேயே இறந்திருந்தான்.

அதன்பின் சித்தப்பாவுக்கு விழவேண்டிய அடியெல்லாம் எங்களுக்கு விழுந்தது. சோற்றுத்தட்டு பறக்கும். உப்பு குறைந்தால் அம்மாவுக்கு, சத்தமாகச் சிரித்தால் எனக்கு. மார்க்கெட்டிலும் இரண்டு மேஸ்திரிகளிடம் கைநீட்டி வேலையை இழந்தார். நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. வாங்கிய அடிகளையும் சித்தப்பா பேரில் சேர்த்துவைத்துக் காத்திருந்தேன்.

நான்காம் வருடம் பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவ அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவி முத்தமிடும் நாள் அது. "மனசுல கத்தி வெச்சிருக்கறவன் காலக் கழுவாதீங்க சாமி" என்று அப்பா மறுத்திருக்கிறார். "கத்தியக் கேக்கலப்பா, காலத்தானே கேட்டேன்" என்றாராம் சாமியார். அம்மா அப்பாவின் பித்தவெடிப்பைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு காலையும் பளிச்சென்று ஆக்கி அனுப்பினாள். அங்கே போனால் சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவினார். அதற்கே எனக்குக் கோபம் வந்தது.

பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கப் புதிதாக வந்த உபதேசியாருக்கு எங்கள் கதை தெரியாது. பின்வரிசைக்கு ஓடி, "அண்ணா, ஸ்வல்ப வந்து உக்காருங்க, ஒருத்தர் குறையுது" என்று கன்னடம் கலந்து கெஞ்சி ஒருவரை இழுத்துவந்து அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சித்தப்பா! ஆட்டோ கவிழ்ந்து வலது கையில் மாவுக்கட்டு. வேறு வேலையில்லாமல் வாட்ச்மேனாக ஆகியிருந்தார், காலில் கறுப்புப் பூட்ஸ். ஆண்டவர் பாதி வேலையை முடித்துவிட்டார், மீதியை அப்பாவிடம் விட்டிருக்கிறார் என்று நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றேன்.

அப்பாவின் காலைக் கழுவி முத்தமிட்டுச் சாமியார் நகர்ந்தார். சித்தப்பா ஒற்றைக் கையால் பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுகிவிட்டது. சாமியார் துண்டோடு நிற்கிறார். பாட்டு முடிந்து, பாடகர்கள் மறுபடி முதலடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அப்பா எழுந்தார். பிறகு சித்தப்பாவின் முன்னால் மண்டியிட்டார்.

"கால நீட்டு."

"அண்ணா, வேண்டாண்ணா..."

"நீட்டுடா. சாமியாரு நிக்கறாரு."

விரலால் முடியாமல் அப்பா குனிந்து வாயைக் கொண்டுபோனார். கடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். கடித்தார், முடிச்சை. பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவி, அந்தக் காலைத் தானே தூக்கிப் பாத்திரத்துக்கு மேல் பிடித்தார். சித்தப்பா சத்தம்போட்டு அழுதார். அன்று பரலோக மந்திரத்தில் அப்பா அந்த வரியைச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "இத்தன வருசம் பொறுத்தது எதுக்கு? கையில கெடச்சும் உட்டுட்டீங்களே!"

"பொறுக்கறதுன்னா என்னன்னு நெனச்சே?"

"காத்திருந்து திருப்பிக் குடுக்கறது."

அப்பா சிரித்தார். தம்பி போனபின் முதல்முறை. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதன்பின் அவர் கை எங்கள்மேல் விழவில்லை. கோபம் வந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் அந்த ஒரு வரியை மட்டும் சொல்வார். சில நாள் நாலைந்து தடவைகூட. கோயிலில் எல்லோரும் அவர் மனசைப் பெரிதாகப் பேசினார்கள்.

அம்மாவிடம் போனேன். "உனக்குக் கோவமே வரலயா?"

"உங்கப்பன் கோவத்தப் பாத்துக்கவே எனக்கு நேரம் பத்தல கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவினாள்.

இந்த வீட்டில் ரோஷமுள்ளவள் நான் ஒருத்திதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அதே ரோஷத்தோடு, வளர்ந்தபின் பிழைப்புக்காகத் திருப்பூர், ஓசூர், குடகு என்று எத்தனையோ ஊர் அலைந்துவிட்டேன். பெற்று இழந்தவள் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு தொடங்கி அந்த வரியை ஒரு வாரமும் விடாமல், என் பக்கத்தில் நின்று சொன்னவளும் அவள்தான். நான் போட்ட கூச்சலில் அது அன்று என் காதில் ஏறவே இல்லை.