மகளைத் தேடிப்போன வள்ளம்

மாலை நாலு பத்துக்குக் கடல் மறைந்தது. மழைமூட்டத்தில் வானும் நீரும் ஒன்றாய்க் கரைந்தன. வங்கி வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் படகை ஓட்டக் கற்ற என் மகள், அன்றுதான் முதன்முதலாகக் கேப்டனாகப் போயிருந்தாள். போனை எடுக்கவில்லை. எனக்கோ, ஏழு வயதுப் பாவாடையில் அவள் அலைமேல் நடந்துபோவது போலவே தெரிந்தது.

கடலில் ஆளைக் காணோமென்றால், யாருக்கும் காத்திராமல் வள்ளம் இறக்குவது எங்கள் கரையின் வழக்கம். கப்பல் பாதைக்குள் வள்ளம் நுழையக்கூடாதென்று தெரிந்தும், மீனவனான என் தம்பியிடம் அழுதேன்.

"அவளக் கூட்டிட்டு வாடே."

ஆறரைக்கு இருவரும் நனைந்து வந்தார்கள்.

"எக்கா, வழிதெரியாம நின்ன என்னெ, கப்பலக் காக்க வச்சிட்டு ஒனக்க மவளாக்கும் கெட்டி இழுத்துட்டு வந்தா," என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, நாளைக்கு ஆபீஸுல விளக்கம் கேப்பாவ. மாமன் பேரச் சொல்லவா, ஒங்க பேரச் சொல்லவா?"