கில்ஜா அக்காவும் எதிர்க்கடைச் சிவப்புக் குழம்பும்

பங்காளி நிலம் வாங்கினால் நமக்கு வயிறு வலிக்கும் என்று எங்கள் கொரிய நாட்டில் சொல்வார்கள். பியோ கில்ஜாவுக்கு அது வெறும் சொல் இல்லை, நிஜமாகவே வலிக்கும். கங்னுங் கடற்கரையில், சோயாப் பாலைத் திரியவைத்து டோஃபு செய்யும் கடைகளுக்குக் கடல்நீர் கொண்டுபோய் ஊற்றும் லாரி என்னுடையது. காலையில் நான் குழாயை அவள் தொட்டியில் விடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளானால், எதிர்க்கடையில் நேற்று நல்ல வியாபாரம் என்று தெரிந்துகொள்வேன்.

எதிர்க்கடை ஓக் மிரியங்குடையது. ஒரு காலத்தில் கில்ஜாவிடம் பாத்திரம் தேய்த்தவள். பிறகு அமெரிக்கா போனாள். லாஸ் ஏஞ்சலிஸில் நம்மவர் கடை ஒன்றில் அடுப்படியில் நின்றாள். திரும்பி வந்தவள், ஊரில் வேறு இடமே இல்லாதது போல, கில்ஜாவின் வாசலுக்கு நேரெதிரே கடை போட்டாள். மிளகாய்ப்பொடியும் சிப்பியும் போட்டு, சட்டியோடு தளதளவென்று கொதித்தபடி வரும் சிவப்பு டோஃபுக் குழம்பு. பாரிஸில் சாப்பிட்டோம், பாங்காக்கில் சாப்பிட்டோம், இது பிறந்த ஊரிலேயே சாப்பிட வந்தோம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கின்றன.

கில்ஜாவிடம் வெள்ளை மட்டும்தான். கணவாய் பிடிக்கப் போன புருஷன் திரும்பி வராத வருஷம், வீட்டு முன்னறையில் கொப்பரை வைத்து ஆரம்பித்த கடை. சோயாப் பாலைக் காய்ச்சிக் கடல்நீர் விட்டுத் திரியவைத்து, இளசாக அப்படியே கிண்ணத்தில் எடுத்துவைப்பாள். மேலே ஊற்றிக்கொள்ளச் சோயா சாஸ். நாங்கள் லாரிக்காரர்கள் சாப்பிடுவோம். வெளிநாட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்கும், நோயாளிக் கஞ்சியைக் கண்டதுபோல எதிரே ஓடிவிடும்.

"நம்ம கடல் தண்ணி, நம்ம சோயா. பேரு மட்டும் அவளுக்கா?" என்பாள்.

இந்த வசந்தத்தில் கூட்டம் ரொம்பவே குறைந்தது. மகள் செய்யோன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நாமளும் சிவப்புக்கு மாறுவோம். இல்லேன்னா மூடிடலாம்மா. புதுப் பெயர்ப்பலகைக்கு ஆளு சாயங்காலம் வர்றான், என்ன எழுதணும்னு முடிவு பண்ணு."

அன்று மதியம் என் லாரிக் கதவைத் தட்டினாள் கில்ஜா. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம்.

"இறங்குடா தம்பி. அவ கடைக்குப் போறோம்."

"நான் எதுக்குக்கா?"

"ஒத்தையா போனா மேசை தரமாட்டா."

"அவளுக்கும் நான்தானே தண்ணி ஊத்துறேன். என்னை அடையாளம் தெரியாதா?"

"தலையக் குனிஞ்சுக்க. அந்தக் குழம்பு நல்லா இல்லேன்னு என் நாக்கு சொல்லிட்டாப் போதும். வெள்ளைதான்னு தைரியமா சொல்லிடுவேன்."

"நல்லா இருந்துட்டா?"

முறைத்தாள். இறங்கிவிட்டேன்.

வரிசையில் நின்று உள்ளே போய் உட்கார்ந்தோம். சட்டி வந்தது. கொதிக்கும்போதே, மேசையில் வைத்திருந்த பச்சை முட்டையை உடைத்து உள்ளே விட்டு, முகக்கவசத்தைக் கீழே இழுத்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இன்னொரு கரண்டி. பிறகு இன்னொன்று. கண்ணாடியில் ஆவி படர்ந்து முகம் எப்படி இருக்கிறதென்றே தெரியவில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் சட்டியைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கொதி அடங்கிக்கொண்டிருந்தது. கில்ஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குள் ஒருத்தி முட்டையைக் கையில் எடுத்தாள். வெந்நீர்க் குளியல் விடுதியில் அவித்த முட்டையைத் தலையில் தட்டி உடைப்பதை நம் சீரியல்களில் பார்த்திருப்பாள் போல. தோழியின் நெற்றிக்குக் குறிவைத்தாள்.

"அடியே! பச்சை முட்டைடி அது!"

ஒரே தாவு. தொப்பி விழுந்தது. முட்டையைப் பிடுங்கிச் சட்டி விளிம்பில் தட்டி உள்ளே விட்டு, மேலே குழம்பை அள்ளி மூடினாள். "கொதி இருக்கும்போதே போடணும். படம் அப்புறமா புடி!"

ஒன்றும் புரியாமல் இருவரும் கைதட்டினார்கள். அடுப்படியிலிருந்து மிரியங் வந்தாள்.

"கில்ஜாக்கா! சொல்லியிருந்தா நேரா உள்ளே கூப்பிட்டிருப்பேனே."

"நான் வேற ஆளு."

"சரி, வேற ஆளு. சட்டிய இப்படி வழிச்சுட்டீங்களே, இன்னொண்ணு கொண்டாரவா?"

கில்ஜா குனிந்து பார்த்தாள். சட்டியில் ஒன்றுமில்லை.

"டோஃபு சரியில்ல. வாயில தேட வேண்டியிருக்கு."

"வர்றவங்க டோஃபுவையா கேக்குறாங்க? கொதியைத்தானே கேக்குறாங்க!"

கில்ஜா விருட்டென்று வெளியே வந்துவிட்டாள். பணம் நான்தான் கொடுத்தேன்.

பலகைக்காரன் முன்னமே வந்து காத்திருந்தான். செய்யோன் கேட்டாள், "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருக்கு. நாசமாப் போக, ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப சிவப்புன்னு எழுதச் சொல்லவா?"

"எழுதினா? என்னைப் பாத்துக் கத்துக்கிட்டாங்கன்னு அவ ஊரெல்லாம் சொல்லுவா. வெள்ளைன்னு எழுது. வெள்ளை மட்டும்னு எழுது."

"கடைய மூட வேண்டியதுதான்."

"மூடுறேன். அவ மூடின மறுநாள் மூடுறேன்." பலகைக்காரன் பக்கம் திரும்பினாள். "எழுத்து அவ பலகையில இருக்கிறதவிடப் பெருசா இருக்கணும்."

அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து மிரியங்கின் பலகையை அளக்கப் போனான். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கத்தினான். கில்ஜா என்னைப் பார்த்தாள்.

"நான் வரமாட்டேன்க்கா."

வரிசையில் நின்ற கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு, அவளே போய்ப் பிடித்தாள்.